ப்ராட் பீன்ஸ் மேல நின்ன எடத்துலயே பறக்குற மஞ்சள் 'குளவி': மருந்து அடிக்கலாமா?

மே 29

எங்கட அலாட்மெண்ட்ல (வாடகைக்கு எடுத்த தோட்டத் துண்டு) ப்ராட் பீன்ஸ் நுனியெல்லாம் கறுப்பு அசுவினி, சாறு உறிஞ்சிற சின்னப் பூச்சி. அதுக்கு மேல சின்னச் சின்ன மஞ்சள் குளவியள் நிண்ட இடத்திலயே பறந்துகொண்டு நிக்குது. உதுகள்தான் அசுவினியைக் கொண்டுவந்து விடுது எண்டு பக்கத்து ப்ளொட்காரர் சொல்றார். இலைக்குக் கீழ அட்டை மாதிரி ஒரு புழுவும் கிடக்கு. எல்லாத்துக்கும் சேத்து மருந்து அடிக்கலாமோ? சனிக்கிழமை பிள்ளையள் வருவினம், குத்துமோ எண்டும் பயமாக் கிடக்கு. இடம் லண்டன் க்ரொய்டன்.

மே 29, ராத்திரி

அடிக்காதீங்க அண்ணா. அது குளவியே இல்ல, ஈ. கொடுக்கே கிடையாது, குத்தாது. பிள்ளைங்க கையில வந்து உக்காந்தா வேர்வைய நக்கிட்டுப் போயிடும், அவ்ளோதான்.

குளவிக்கு ரெண்டு ஜோடி இறக்கை, ஈக்கு ஒரே ஜோடி, பின் ஜோடி இருக்க வேண்டிய எடத்துல குட்டியா ரெண்டு குமிழ் மட்டும் இருக்கும், பறக்குறப்ப நிலை தடுமாறாம இருக்க. ஆனா பறந்துட்டு இருக்கறதுக்கு இறக்கைய யாரு எண்ண முடியும், அதனால மூஞ்சியப் பாருங்க. தலையில பாதிக்கு மேல கண்ணுதான், உணர்கொம்பு இருக்கா இல்லையான்னே தெரியாத அளவுக்குக் குட்டை, இடுப்பு குளவிக்கு மாதிரி சிறுத்து இருக்காது. அப்புறம் அந்தரத்துல அசையாம நின்னுட்டு டக்குனு ஒரு அடி தள்ளிப் போய் மறுபடி நிக்கிறது. குளவிக்கு அவ்ளோ பொறுமை இல்ல.

அந்த அட்டை மாதிரி புழுன்னு சொன்னீங்க பாருங்க, அதுதான் இதுல முக்கியம். அது இந்த மாதிரி ஈயோட புழுவாத்தான் இருக்கும், அசுவினியத் தின்னுட்டு இருக்கு. பக்கத்து ப்ளாட்காரர் தலைகீழா புடிச்சிருக்காரு. அசுவினி வந்தப்புறம்தான் ஈ வரும். போட்டோ இருந்தா போடுங்க.

மே 30

போட்டோ பாத்தேன். இது மார்மலேட் ஹோவர்ஃப்ளைங்கற ஈ, அறிவியல் பேரு எபிசிர்ஃபஸ் பால்டியேட்டஸ். பிரிட்டன்ல ஹோவர்ஃப்ளை 280 வகைக்கு மேல இருக்கு, பலதப் போட்டோவுல பிரிக்கறதுக்குள்ள தாவு தீந்துடும், ஆனா இத ஒண்ண மட்டும் யாரு வேணா சொல்லிடலாம். ஆரஞ்சு மஞ்சள் வயித்துல ஒரு தடிமனான கறுப்புப் பட்டை, அதுக்கு மேல மெல்லிசா இன்னொண்ணு, மீசை வச்ச மாதிரி. இந்த ரெட்டைப் பட்டை இங்க வேற எந்த ஹோவர்ஃப்ளைக்கும் இல்ல. நீளம் ஒரு சென்டிமீட்டர் சுமார்.

உங்க போட்டோவுல ரெண்டு கண்ணுக்கும் நடுவுல இடைவெளி தெரியுது, அதனால பொண்ணு. ஆணுக்கு ரெண்டு கண்ணும் உச்சந்தலையில ஒட்டிக்கிட்டு இருக்கும். பொண்ணு அசுவினி கூட்டத்துக்கு மேல நிக்குதுன்னா முட்டை போட எடம் பாக்குது. இலையத் திருப்பிப் பாருங்க, வெள்ளையா, நீளவாக்குல, ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு, அசுவினிக்குப் பக்கத்துல ஒண்ணு ஒண்ணா ஒட்டியிருக்கும்.

மே 30, கொஞ்ச நேரம் கழிச்சு

மேல ஒருத்தர் "அப்ப காட்டு ஓரத்துல வெயில் படற எடத்துல ஆள் தலை உயரத்துல சும்மா நின்னு பறக்குதே, அங்க அசுவினி எதுவும் இல்லையே"ன்னு கேட்டிருக்காரு. அது ஆம்பளைங்க. வெளிச்சம் விழற எடத்த ஒண்ணு புடிச்சுக்கிட்டு அங்கேயே நின்னு பொண்ணு வருதான்னு பாத்துட்டு இருக்கும், வேற எது குறுக்க போனாலும் ஒரு பாய்ச்சல் போய் பாத்துட்டு பழைய எடத்துக்கே வந்து நிக்கும். தெருமுனையில நிக்கிற நம்ம பயலுகள நெனச்சா சிரிக்காதீங்க.

ஜூன் 1

புழுவப் பத்தி தனியா கேட்டதால எழுதறேன், எனக்கு ஈயவிட புழுதான் புடிக்கும்.

பகல்ல பாத்தா சுருண்டு கெடக்கும், செத்துப் போச்சோன்னு தோணும். ராத்திரி டார்ச் எடுத்துட்டுப் போங்க. போன வருஷம் எங்க வீட்டு ரோஜாவுல இப்படித்தான் பாத்துட்டு நின்னேன், வீட்டுக்குள்ள இருந்து "யாரு அங்க"ன்னு சத்தம் வர்ற வரைக்கும். புழுவுக்குக் கண்ணும் கெடையாது காலும் கெடையாது. பின்பக்கத்த தண்டுல ஒட்டி நங்கூரம் போட்டுக்கிட்டு முன்பாதிய இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு ஆட்டித் துழாவுது. அசுவினி ஒண்ணு அரை மில்லிமீட்டர் தள்ளி நின்னா கூட அதுக்குத் தெரியல, மூஞ்சி மேல பட்டாத்தான் உண்டு. பட்ட ஒடனே வாய்க் கொக்கி குத்தி அப்படியே தூக்கிடுது, அசுவினியோட கால் ஆறும் அந்தரத்துல ஆடுது. தூக்கறது சும்மா இல்லன்னு நெனைக்கிறேன், கால் தண்டுல இருந்து வெலகிட்டா ஓட வழியில்லையே. அப்புறம் உள்ள இருக்கறத உறிஞ்சுது, கொஞ்சம் கொஞ்சமா சுருங்கி வெறும் தோல் மட்டும் மிச்சம், அதத் தூக்கிப் போட்டுட்டு மறுபடி துழாவல். பக்கத்துல நிக்கிற அசுவினிங்க எதுவுமே நடக்காத மாதிரி சாறு குடிச்சுட்டு நிக்குதுங்க.

தோல் கண்ணாடி மாதிரி இருக்கறதால உள்ள நடக்கறது எல்லாம் தெரியும். முதுகு நடுவுல இதயக் குழாய் துடிக்கும், ரெண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையா கொழுப்பு, நடுவுல கறுப்பா ஒரு கோடு போகும், அது என்னன்னு அப்புறம் சொல்றேன். ஒரு புழு வளர்ந்து முடியறதுக்குள்ள சில நூறு அசுவினி காலி. வெயில் நல்லா இருந்தா பத்து நாள் ரெண்டு வாரத்துல வளர்ச்சி முடிஞ்சிடும்.

ஜூன் 1

மருந்துன்னா சோப்புத் தண்ணி மட்டும்தான், அது பரவால்லையான்னு கேட்டிருந்தாங்க. சோப்புத் தண்ணிக்கு அசுவினி யாரு புழு யாருன்னு தெரியாது. மெத்துனு தோல் இருக்கற எதையும் புடிக்கும். ஹோஸ் புடிச்சு பீச்சி அடிச்சாலும் புழுவும் சேந்துதான் கீழ விழும்.

ஜூன் 8

க்ரொய்டன் அண்ணா எழுதியிருக்கார்: "மருந்தும் அடிக்கேல்ல, புழுவும் நிக்குது, ஆனா அசுவினி குறைஞ்ச மாதிரித் தெரியேல்ல, கூடித்தான் இருக்கு."

ஆமா, அப்படித்தான் இருக்கும். இத யாரும் சொல்றதில்ல. தோட்டப் பத்திரிகைய எடுத்தா "விவசாயியின் நண்பன்"னு ஒரு படம் போட்டு முடிச்சிடறாங்க, படிக்கறவங்க நாளைக்கே செடி சுத்தமாயிடும்னு காத்திருக்காங்க. இந்த ஈ உங்க பீன்ஸக் காப்பாத்த வரல, அதோட புள்ளைங்களுக்கு சோறு தேடி வருது. கூட்டம் ஓரளவு பெருத்தாத்தான் முட்டை போடும், ஏன்னா நாலே நாலு அசுவினி இருக்கற எடத்துல முட்டை போட்டா புழு பட்டினி. அசுவினியோட தேன் மாதிரி ஒட்டுற கழிவு, அதோட வாடை, இதையெல்லாம் வச்சுத்தான் எடம் முடிவு பண்ணுது. அப்புறம் முட்டை பொரியணும், புழு பெருசாகி நல்லா திங்க ஆரம்பிக்கணும். அதுக்குள்ள அசுவினி ஆம்பள தொணையே இல்லாம குட்டி போட்டுக்கிட்டே போகும், முட்டை கூட இல்ல, நேரா குட்டி. அந்த ஓட்டத்துல ஈ எப்பவும் ரெண்டு அடி பின்னாலதான்.

எறும்பு இருந்தா இன்னும் கஷ்டம். அசுவினிக்கு காவல் நிக்கும், புழுவக் கண்டா கடிச்சுத் தள்ளும். உங்க செடியில எறும்பு ஏறுதான்னு பாருங்க.

இப்ப செய்ய வேண்டியது, கீழ காய் புடிக்க ஆரம்பிச்சிருந்தா நுனியக் கிள்ளிடுங்க. கறுப்பு அசுவினிக்கு அந்த எளங்குருத்துதான் வேணும். கிள்ளினத குப்பையில போடாம ஓரமா செடி அடியிலயே போட்டீங்கன்னா அதுல இருக்கற புழு திரும்ப ஏறிக்கும், ஏறாட்டியும் போகுது, முயற்சி பண்ணினோம்னு இருக்கும்.

ஜூன் 9

"புழு புழுவத் திங்குமா?" திங்கும். அசுவினி தீந்துபோனா பக்கத்துல இருக்கற முட்டை, சின்னப் புழு எதையும் விடாது. பட்டினி கெடந்த புழு குட்டியா கூடு கட்டி குட்டி ஈயா வெளிய வரும். ஒரே கோடையில இந்த ஈ பெருசும் சிறுசுமா இருக்கறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

ஜூன் 21

அந்தக் கறுப்புக் கோடு. கழிவுதான். இந்த வகைப் புழு தின்ன அசுவினியோட கழிவ வளர்ற காலம் பூரா வெளிய விடறதில்ல, குடல்லயே வச்சிருக்கு. கூட்டுப்புழுவா மாறறதுக்கு முன்னாடி ஒரே தடவையா, தார் மாதிரி கறுப்பா, இலையில ஒரு தீத்து. ரோஜா இலையில கறுப்பா எண்ணெய்ப் பசையா ஒரு கோடு இருந்தா நோய்னு நெனச்சு இலையப் பறிச்சுப் போடறாங்க. அந்த இலையிலயோ பக்கத்துலயோ கூடு இருக்கும், ஒரு பக்கம் பருத்து ஒரு பக்கம் சிறுத்து, பழுப்பு நெறத்துல, கெட்டியா ஒட்டிக்கிட்டு.

நான் அப்படி சில கூடு இலையோட வெட்டி ஜாம் பாட்டில்ல போட்டு வாய்ல பழைய வேட்டித் துணி கட்டி சமையல் ரூம் ஜன்னல்ல வச்சிருக்கேன். வெயில் நேரா படக்கூடாது. என்ன வருதுன்னு சொல்றேன்.

ஜூலை 4

ஜாம் பாட்டில்ல பாதி ஈ வந்துச்சு. மொதல்ல வெளிறி, இறக்கை சுருங்கி, மஞ்சளே இல்லாம இருந்துச்சு, மத்தியானத்துக்குள்ள நெறம் ஏறிடுச்சு. மீதில வந்தது ஈ இல்ல, கறுப்பும் செம்பழுப்புமா ஒல்லியா நீளமான உணர்கொம்போட ஒட்டுண்ணிக் குளவி. பின்னங்கால்ல வெள்ளையும் கறுப்புமா பட்டை, அத வச்சு பாத்தா டிப்ளாசான் லேட்டடோரியஸ்.

வேலைய எப்படிப் பண்ணுது பாருங்க. ஹோவர்ஃப்ளை முட்டையிலயோ சின்னப் புழுவுலயோ தன் முட்டைய வைக்கும். புழு சாகாது. எப்பவும் போல அசுவினியத் தின்னு, வளர்ந்து, கூடும் கட்டும். எல்லா வேலையும் முடிச்சப்புறம் உள்ள இருக்கறது அதத் தின்னுட்டு அந்தக் கூட்ட விட்டே வெளிய வரும். க்ரொய்டன் பக்கத்து ப்ளாட்காரர்ட்ட சொல்லுங்க, இந்தக் கதையில குளவி நெஜமாவே இருக்கு, ஆனா அவரு காட்டினது இல்ல.

காலி கூட்டப் பாத்தே யாரு வந்தாங்கன்னு சொல்லலாம். ஈ வந்திருந்தா பருத்த முனை மூடி கழண்ட மாதிரி தொறந்திருக்கும். குளவி வந்திருந்தா கடிச்சுப் போட்ட ஓட்டை, ஓரம் பிசிறா.

ஜூலை 4

"அப்ப அந்தக் குளவியக் கொல்லணுமா" ... இல்ல சார், எதையும் கொல்ல வேணாம். இந்த இழைல வர்ற எல்லாரும் ஏன் யாரையாவது கொல்லணும்னே வர்றீங்க.

ஜூலை 20

குளவி வேஷம் யாரையும் ஏமாத்தற அளவுக்கு இல்லையே, நாமளே கண்டுபிடிச்சிடறோமே, பறவை ஏமாறுமான்னு ஒருத்தர் கேட்டிருக்கார், நல்ல கேள்வி. நாட்டிங்ஹாம்ல ஃப்ரான்சிஸ் கில்பர்ட் குழு 1993ல புறாவ வச்சு ஒரு சோதனை போட்டாங்க. குளவிப் படத்தையும் சாதாரண ஈ படத்தையும் பிரிச்சுக் கொத்தப் பழக்கிட்டு, அப்புறம் ஹோவர்ஃப்ளை படங்களக் காட்டினாங்க. நம்ம கண்ணுக்கு சுமாரா இருக்கற எபிசிர்ஃபஸ் பால்டியேட்டஸையும் சிர்ஃபஸ் ரிபேசிங்கற இன்னொரு ஹோவர்ஃப்ளையையும் புறா கிட்டத்தட்ட குளவி ரகத்துலயே சேத்துச்சு. ஆக வேஷம் சரியில்லன்னு நாம சொல்றது நம்ம கண்ணப் பத்தித்தான். பின்னால 2012ல பல வகைய ஒப்பிட்டுப் பாத்து வந்த ஆய்வுல, ஒடம்பு பெருசா இருக்கற வகைங்கதான் வேஷத்த நல்லா போடுது, சின்னது அரைகுறையா விட்டுடுதுன்னு வந்துச்சு. சின்ன ஈயத் திங்கறதுல பறவைக்கு லாபம் கம்மி, அதனால ரிஸ்க் எடுக்காது, அரைகுறை வேஷமே போதும்னு விளக்கம். எனக்கு ரெண்டும் சேந்து உண்மையா இருக்கும்னு தோணுது.

சொல்லவந்தத விட்டுட்டேன், வேஷம் எல்லார்ட்டயும் செல்லாது. எக்டெம்னியஸ்னு ஒரு குழி தோண்டுற குளவி இருக்கு, பட்டுப்போன மரத்துல துளை போட்டு புள்ளைக்கு ஹோவர்ஃப்ளையாப் புடிச்சு அடுக்கும். பூவுல நண்டுச் சிலந்தியும் உக்காந்திருக்கும்.

ஜூலை 22

ஒரே போட்டோவப் பத்தி கேட்ட அஞ்சு பேருக்கும் பதில் ஒண்ணாவே. நேத்து ஒருத்தர் போட்ட போட்டோ தேனீ இல்ல, மார்மலேட் ஹோவர்ஃப்ளையும் இல்ல, எரிஸ்டாலிஸ் டெனாக்ஸ், ட்ரோன் ஃப்ளைம்பாங்க. இதுவும் ஹோவர்ஃப்ளை குடும்பம்தான், ஆனா தேனீ வேஷம். புழு அசுவினி பக்கமே போகாது, சாக்கடை, எருக்குழி ஊறல், தேங்கின அழுக்குத் தண்ணியில கெடக்கும், பின்னால நீட்டிச் சுருக்குற ஒரு மூச்சுக் குழாய் வால் மாதிரி. செத்த மாட்டுல இருந்து தேனீ பொறக்கும்னு பழைய கிரேக்க ரோமானிய ஆளுங்க நம்பினதுக்கு இந்த ஈதான் காரணமா இருக்கும்னு 19ஆம் நூற்றாண்டுலயே ஆஸ்டன் சாக்கன்ங்கற ஈ ஆராய்ச்சியாளர் எழுதிட்டார்.

ஆகஸ்ட் 6

நேத்து கென்ட் கடற்கரைக்குப் போயிருந்தோம். வேலி, காரு, குழந்தையோட ஐஸ்க்ரீம், எங்க பாத்தாலும் இந்த மார்மலேட் ஹோவர்ஃப்ளை. ஜனங்க குளவி குளவின்னு டவல வீசிக்கிட்டு ஓடறாங்க. என் கையில ஒரே நேரத்துல நாலஞ்சு உக்காந்து நக்குது, சின்னதா சில்லுனு ஒரு கூச்சம், வேற ஒண்ணும் இல்ல. பக்கத்துல ஒரு அம்மா என்னப் பாத்த பார்வை இருக்கே.

இதுங்க நம்ம தோட்டத்து ஈங்கன்னு நெனச்சுட்டு இருந்தவங்களுக்கு: இல்ல. வலசை போறதுங்க. வசந்தத்துல தெக்க இருந்து கடல் தாண்டி இங்க வரும், இங்க புள்ளை பெத்து, அந்தப் புள்ளைங்களோட புள்ளைங்க இலையுதிர் காலத்துல தெக்க திரும்பும். வந்த ஈயே திரும்பிப் போறதில்ல, அதோட பேரன் பேத்திதான் போகும், வழி சொல்லிக் குடுக்க யாரும் இல்ல.

ஆகஸ்ட் 7

"ஒரு சென்டிமீட்டர் ஈ இங்கிலீஷ் சேனல் தாண்டுதா, கதை விடாதீங்க"ங்கறவருக்கு. தெற்கு இங்கிலாந்துல மேல்நோக்கி வச்ச ராடார் ரெண்டு இருந்துச்சு, ஒண்ணு ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்துல, ஒண்ணு சில்போல்டன்ல. தலைக்கு மேல 150 மீட்டர்ல இருந்து 1200 மீட்டர் வரைக்கும் பறக்கற பூச்சிய ஒண்ணொண்ணா அளக்கும். 2000ல இருந்து 2009 வரைக்கும் பத்து வருஷத்து தகவல வச்சு எக்ஸிடர் யுனிவர்சிட்டி கார்ல் வோட்டன் குழு 2019ல கணக்கு போட்டாங்க. எபிசிர்ஃபஸ் பால்டியேட்டஸ், யூபியோடெஸ் கொரோலே, இந்த ரெண்டு ஹோவர்ஃப்ளை வகை மட்டும் வருஷத்துக்கு 100 கோடியில இருந்து 400 கோடி வரைக்கும் தெற்கு பிரிட்டன் மேல போக வர இருக்கு. அதிக பட்சத்துல எடை 80 டன். வசந்தத்துல வந்ததவிட இலையுதிர் காலத்துல வெளிய போறது ஜாஸ்தி, அதாவது இந்த ஊரு ஈய ஏற்றுமதி பண்ணுது.

காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்துத்தான் மேல ஏறும். பின்காத்து கெடைச்சா உயரத்துல போயிடும், நமக்குத் தெரியவே தெரியாது. எதிர்காத்துன்னா தரையோட ஒட்டிப் பறக்கும், அப்பதான் கடற்கரையிலயும் மலைக் கணவாயிலயும் கூட்டமா கண்ணுல படும்.

அதனால ஜூன் மாசம் நான் எழுதினதோட இதச் சேத்துப் படிங்க. உங்க பீன்ஸ்ல முட்டை போட்ட ஈ ஃப்ரான்ஸ்லயோ இன்னும் தெக்கயோ பொறந்திருக்கலாம். அது எப்ப வரும்ங்கறது அங்க மழை எப்படி, காத்து எப்படிங்கறதப் பொறுத்தது. உங்க தோட்டத்துல பூச்சி ஹோட்டல் கட்டி வச்சா வரும்னு எழுதறாங்களே, மூங்கில் துளையில தங்கற பழக்கமே இதுக்கு இல்ல, அது தனித்தேனீக்கு. காசு வீண்.

செப்டம்பர் 15

கொஞ்ச நாள் இந்தப் பக்கம் வரல, அதுக்குள்ள வலசை பத்தி நெறைய கேள்வி.

பைரனீஸ் மலையில ஃப்ரான்ஸுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவுல புஹாருவேலோன்னு ஒரு கணவாய், 2273 மீட்டர் உயரம், அகலம் முப்பதே மீட்டர். 1950 அக்டோபர்ல பறவை ஆராய்ச்சியாளர் டேவிட் லாக்கும் எலிசபெத் லாக்கும் அந்தப் பக்கம் பறவை பாக்கப் போனவங்க பூச்சி ஆறு மாதிரி போறதப் பாத்துட்டு எழுதி வச்சாங்க. எழுபது வருஷம் கழிச்சு வில் ஹாக்ஸ், வோட்டன் குழு அதே கணவாய்ல போய் உக்காந்து எண்ணினாங்க. ஒரு இலையுதிர் காலத்துல சராசரியா 1 கோடி 70 லட்சம் பூச்சி அந்த முப்பது மீட்டர் வழியா போகுது, அதுல பத்துல ஒம்போது பங்கு ஈ இனம்தான். உச்ச நேரத்துல ஒரு மீட்டர் அகலத்துக்கு நிமிஷத்துக்கு 3000க்கு மேல. எல்லாரும் பட்டாம்பூச்சி வலசைன்னு டாக்குமென்டரி எடுக்கறாங்க, ஈயக் கண்டா கையால தள்ளிட்டுப் போறாங்க.

திசை எப்படித் தெரியுதுன்னா சூரியன வச்சு. வேற ஹோவர்ஃப்ளை ஜாதி, ஸ்கீவா, அதுல சோதிச்சு 2021ல காமிச்சாங்க. வெளக்கப் போட்டு அதோட உள் கடிகாரத்த சில மணி நேரம் மாத்திவிட்டா திசையும் அதுக்கேத்த மாதிரி மாறுது. அப்ப வெறுமனே சூரியனப் பாத்து போகல, மணி என்னன்னு கணக்குப் போட்டுத்தான் போகுது. நம்ம எபிசிர்ஃபஸ்லயே வலசை போற பொண்ணுங்களையும் கோடைகாலப் பொண்ணுங்களையும் ஒப்பிட்டா 1500க்கும் மேற்பட்ட மரபணு வேற அளவுல வேல செய்யுதுன்னு 2022ல வந்துச்சு.

செப்டம்பர் 15

ஊர்ல இருக்கான்னு கேட்ட கோயம்புத்தூர்காரருக்கு: இருக்கு, இதே ஜாதி ஆசியாவுலயும் பரவியிருக்கு, வடக்க கடுகு வயல்ல அசுவினி திங்கற பூச்சி லிஸ்ட்ல இது பேரு வரும். வேளாண்மை ஆபீஸ்ல சிர்பிட் ஈன்னு கேளுங்க. நான் எழுதற வலசைக் கதை மட்டும் ஐரோப்பாவோடது.

அக்டோபர் 5

என்ன பூ வைக்கலாம். நாக்கு குட்டை, அதனால ஆழமான பூவெல்லாம் ஆவாது, மேலோட்டமா தேன் இருக்கற பூவா பாருங்க. நம்ம வீட்டுக்கு ரொம்ப சுலபம்: கொத்தமல்லிய வெட்டாம பூக்க விடுங்க, சோம்பும் அப்படியே. வெந்தயக்கீரைக்குன்னு போட்ட எடத்துல ஒரு ஓரம் ஃபசீலியா தூவுங்க. யாரோ (yarrow), அலிசம், பக்வீட்னு பூச்செடிங்க இருக்கு, இதெல்லாம் சரி. பொண்ணுக்கு மகரந்தம் கண்டிப்பா வேணும், அதுல இருக்கற புரதம் இல்லாம முட்டை முதிராது. மகரந்தத்த அப்படியே திங்குது, வெயில்ல பூவுல உக்காந்து முன்னங்கால ஒண்ணோட ஒண்ணு தேச்சு ஒட்டினத வழிச்சு வாய்க்குக் கொண்டு போறத பாக்கணும்.

திங்கற எடத்துல மகரந்தச் சேர்க்கையும் நடக்குது. வலைக்கூண்டுக்குள்ள ஸ்ட்ராபெரி செடி வச்சு அசுவினி திங்கற ரெண்டு வகை ஹோவர்ஃப்ளைய விட்டுப் பாத்தாங்க, இது ஒண்ணு, இன்னொண்ணு யூபியோடெஸ். ஈ விடாத செடியவிட மகசூல் 70 சதவீதத்துக்கு மேல கூடுதல்னு 2018ல வந்த ஆய்வு. கூண்டுக்குள்ள நடந்ததுங்கறத மறக்க வேணாம், வெளில தேனீ, காத்து எல்லாம் சேந்துதான் வேல நடக்கும்.

இப்ப இந்த மாசம் ஐவிக் கொடி பூக்குது. வேலியில ஐவி இருந்தா பூ முடியற வரைக்கும் வெட்டாதீங்க, தெக்க போறதும் இங்கயே தங்கறதும் எல்லாம் அதுலதான்.

நவம்பர் 2

"எல்லாம் போயிடும்னு சொன்னீங்க, இன்னைக்கு எங்க வீட்டு மஹோனியா செடியில ஒண்ணு இருக்கு, ஆனா கறுத்துப் போயிருக்கு, வேற வகையா?"

அதே வகைதான். எல்லாம் போறதில்ல, இணை சேந்த பொண்ணுங்க கொஞ்சம் இங்கயே குளிரத் தாண்டப் பாக்கும், ஆண் தாண்டாது. வெயில் அடிச்சா டிசம்பர்லயும் வெளிய வரும். கறுப்புக்குக் காரணம் வயசு இல்ல. கூட்டுப்புழுவா இருந்தப்ப குளிரா இருந்தா கறுப்புப் பட்டை தடிச்சு மஞ்சள் சுருங்கும், சூடா இருந்தா மஞ்சள் அகலும். கறுப்பு வெயில சீக்கிரம் உறிஞ்சும், அதனால குளிர் காலத்துக்கு உதவும்னு சொல்றாங்க. ரெட்டைப் பட்டை இருக்கான்னு மட்டும் பாருங்க, நெறத்த நம்பாதீங்க.

நவம்பர் 9

ஹோவர்ஃப்ளை கொறைஞ்சு போச்சா இல்லையான்னு கீழ ரெண்டு பேரு சண்டை போட்டுட்டு இருக்கீங்க, ரெண்டு பேருமே வேற வேற ஆய்வ கையில வச்சுக்கிட்டு. பிரிட்டன் ராடார் கணக்குல அந்தப் பத்து வருஷத்துல ஏறி எறங்கிச்சே ஒழிய ஒரேயடியா சரிவு தெரியல. ஜெர்மனியில ஷ்வேபிஷ் ஆல்ப் மலையில ராண்டெக்கர் மார்னு ஒரு எடம், வுல்ஃப் காட்டர் ஆரம்பிச்ச கண்காணிப்பு அங்க சுமார் அம்பது வருஷமா வலசைய எண்ணுது, அங்க அசுவினி திங்கற ஹோவர்ஃப்ளை 1970கள்ல இருந்ததவிட தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல கொறைஞ்சிருக்கு. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு முரண் இல்ல. ராடார் 2000லதான் எண்ண ஆரம்பிச்சுது, பெரிய சரிவு அதுக்கு முன்னாலயே நடந்திருந்தா ராடாருக்கு எப்படித் தெரியும். கடற்கரையில ஒரு நாள் கூட்டத்தப் பாத்துட்டு "நெறைய இருக்கே"ன்னு நான் சொன்னாலும் அது கணக்கு ஆகாது.

நவம்பர் 10

பாத்த ஹோவர்ஃப்ளைய எங்க பதியறதுன்னு கேட்டவங்களுக்கு, பிரிட்டன்ல ஹோவர்ஃப்ளை ரெக்கார்டிங் ஸ்கீம் 1976ல இருந்து நடக்குது, தன்னார்வலர் நடத்தறது. தேதி, எடம், போட்டோ மூணும் வேணும். மேல இருந்து முதுகு ஒண்ணு, நேரா மூஞ்சி ஒண்ணு, முடிஞ்சா பக்கவாட்டுல கால் தெரியற மாதிரி ஒண்ணு. இதுக்குக் கால் தேவையில்ல, ஆனா நீங்க எப்படியும் சிர்ஃபஸ் ஜாதி ஹோவர்ஃப்ளை ஒண்ண எடுத்துட்டு வந்து இதுதானான்னு கேப்பீங்க. அதுல பொண்ணா இருந்து பின்தொடை மஞ்சளா இருந்தா ரிபேசி, பெரும்பாலும் கறுப்பா இருந்தா விட்ரிபென்னிஸ் பக்கம் யோசிக்கணும். ஆணா இருந்தா போட்டோவ வச்சு அடிச்சுச் சொல்றது கஷ்டம், அத இங்க போடாதீங்க, தனி இழை ஆரம்பிங்க, இது ஏற்கனவே நீண்டு போச்சு.